வடசென்னையில் டாட்டூ கடை: முதல் காசை எதில் போடுவது?

ஐம்பதாயிரம் ரூபாயுடன் டாட்டூ தொழிலில் இறங்க முடியுமா? முடியும். ஆனால் அதில் மெஷினுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் போகக் கூடாது. வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் இந்த வேலைக்கு வரும் தம்பிகளில் பலர் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். முக்கால் பணம் மெஷினுக்கு, மிச்சம் பன்னிரண்டு நிற மைக்கு. கையுறை வாங்கக் காசு இருக்காது. தோலுக்குள் ஊசி இறங்கும் தொழில் இது. ஒரே ஒரு முறை பயன்பட்டுக் குப்பைக்குப் போகும் பொருட்களுக்குத்தான் பணத்தின் பெரும்பகுதி போக வேண்டும்.

நம் பகுதியில் பச்சை குத்துவது புதிதல்ல. எழுபது வயதைத் தாண்டிய பாட்டிகளின் முன்கையைப் பாருங்கள். புள்ளிக் கோலமோ, தேளோ, கணவன் பெயரோ மங்கிய பச்சையில் இருக்கும். குறத்தி வந்து திண்ணையில் உட்கார்ந்து குத்திவிட்டுப் போனது. அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரே ஊசி தெரு முழுவதும் சுற்றியது. இரத்தத்தின் வழியே பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் தாக்குப்பிடிக்கும் என்பது அன்று யாருக்கும் தெரியாது. இன்று தெரியும். தெரிந்த பிறகும் கோயில் திருவிழாக்களில் நடைபாதையில் மெஷினை வைத்துக்கொண்டு வாளித் தண்ணீரில் ஊசியை அலசுகிறவர்களைப் பார்க்கிறோம். அவர்களோடு விலையில் போட்டி போட நினைத்தால் இந்தத் தொழிலுக்கே வராதீர்கள்.

முதலில் தடுப்பூசி

கடைக்குப் போய் எதையும் வாங்குவதற்கு முன்னால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று தவணை: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. ஊசி உங்கள் விரலில் குத்துவது எப்போதாவது நடக்கும். நடக்காது என்று சொல்கிறவர் அதிகம் வேலை பார்க்காதவர். ஹெபடைடிஸ் சி-க்கும் எச்.ஐ.வி.க்கும் தடுப்பூசி கிடையாது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

அந்த ஆறு மாதம் வீணாகாது. அதுதான் பழகும் காலம். காகிதத்தில் நேர்கோடும் வட்டமும் கை நடுங்காமல் வரும்வரை போடுங்கள். பிறகு சிலிக்கான் பயிற்சித் தோல், அதன் பிறகு கிடைத்தால் பன்றித் தோல். சிலிக்கான் தோல் மையைப் பரப்பிக் கறையாக்கும், இழுத்தாலும் மனிதத் தோலைப் போல் நெகிழாது, இரத்தமும் வராது. ஆகவே அதில் நன்றாக வந்துவிட்டது என்று நண்பனின் தோளைக் கேட்காதீர்கள். வேலை தெரிந்த ஒருவரின் கடையில் சில மாதம் உதவியாளராக நிற்பதே சரியான வழி. எந்தக் கடை நல்ல கடை என்று கண்டுபிடிக்கச் சுலபமான சோதனை உண்டு. வாடிக்கையாளர் எழுந்து போனதும் அவர் ஊசியை எங்கே போடுகிறார் என்று பாருங்கள். அலமாரிக்குள் திரும்பப் போனால் நீங்களும் எழுந்து வந்துவிடுங்கள்.

உதவியாளராக இருக்கும்போது மெஷின் பிடிக்கும் கையைவிட, தோலை இழுத்துப் பிடிக்கும் மற்றக் கையைக் கவனியுங்கள். தோல் தம்புரா நரம்பு போல் விறைப்பாக நின்றால்தான் கோடு நேராக விழும். மை தங்க வேண்டிய இடம் மேல்தோலுக்குக் கீழே உள்ள அடித்தோல். ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழம். மேலோட்டமாகப் போனால் பொருக்கோடு சேர்ந்து மையும் உதிரும். ஆழமாகப் போனால் கோட்டைச் சுற்றி நீலப் புகை போலப் பரவும். அதைத் திருத்துவது கடினம். இமை, உள்மணிக்கட்டு, கழுத்து போன்ற மெல்லிய தோலில் முதல் வருடம் கை வைக்காதீர்கள்.

மெஷின்

இரண்டு வகை. ஒன்று காயில் மெஷின்: இரண்டு மின்காந்தச் சுருள், மேலே ஒரு இரும்புப் பட்டை, ஸ்பிரிங். கிர்ரென்று சத்தம் போடும், கனமாக இருக்கும், அடிக்கடி டியூன் செய்ய வேண்டும். மற்றது ரோட்டரி: சிறிய மோட்டார்தான் ஊசியை மேலும் கீழும் தள்ளும். அதிலேயே பேனா போலப் பிடிக்கிற வடிவம் இப்போது எங்கும் கிடைக்கிறது. காயில் மெஷினில் பழகினால்தான் கை வரும் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். அதில் நியாயம் உண்டு. இருந்தாலும் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடை போடுகிறவர்களுக்கு நான் பேனா வகையையே சொல்வேன். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் காற்றில் ஸ்பிரிங்கும் திருகும் துருப்பிடிக்க அதிக நாள் ஆகாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது ஸ்ட்ரோக் அளவு, அதாவது ஊசி மேலும் கீழும் போய்வரும் தூரம். 3.5 மில்லிமீட்டர் என்றால் கோடும் போடலாம், நிழலும் போடலாம். 4 மில்லிமீட்டர் கோட்டுக்கு வசதி. 2.5, 3 என்றால் மென்மையான நிழல் வேலைக்கு. ஒரே மெஷின் வாங்குகிறவர் 3.5-ஐ எடுத்தால் போதும். பேட்டரி உள்ளதா, வயர் உள்ளதா என்பது அடுத்த கேள்வி. கோடையில் மின்சாரம் போகும்போது பேட்டரி மெஷின் கை கொடுக்கும். வயர் மெஷின் என்றால் பவர் சப்ளை தனியாக வேண்டும். வோல்ட் நிலையாக நிற்கிறதா என்று கடையிலேயே ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலான பேனா மெஷின்கள் 6 முதல் 9 வோல்ட்டுக்குள் வேலை செய்யும். எண் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் ஊசி திக்கித் திக்கிப் போகும், கோட்டில் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

இணையத்தில் மூவாயிரம் ரூபாய்க்கு ஒரு பெட்டி வரும்: இரண்டு மெஷின், இருபது மை, ஐம்பது ஊசி, ஒரு கையுறை. அந்தப் பெட்டியில் மனிதத் தோலில் படத் தகுதியான பொருள் ஒன்றுகூட இருக்காது என்று வைத்துக்கொண்டு நடந்தால் தப்பு வராது. பயிற்சித் தோலுக்கு வேண்டுமானால் பயன்படட்டும்.

ஊசியும் மையும்

ஊசியைத் தனியாகப் பட்டியில் பொருத்தும் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. இப்போது கார்ட்ரிட்ஜ். ஊசியும் முனையும் ஒரே உறைக்குள் இருக்கும், மெஷினில் செருகி, வேலை முடிந்ததும் கழற்றி எறிந்துவிடலாம். ஒவ்வொன்றின் உறையிலும் ஓர் எண் இருக்கும். 1203 ஆர்எல் என்றால் 0.35 மில்லிமீட்டர் பருமனுள்ள மூன்று ஊசிகள் வட்டமாகச் சேர்ந்த லைனர், அதாவது கோடு போடும் ஊசி. முதல் இரண்டு இலக்கம் பருமன்: 12 என்றால் 0.35, 10 என்றால் 0.30, 08 என்றால் 0.25. அடுத்த இரண்டு இலக்கம் எத்தனை ஊசி என்பது. ஆர்எஸ் என்றால் நிழலுக்கான வட்ட ஊசி, ஆர்எம் என்றால் விளிம்பு வளைந்த மேக்னம் என்ற பட்டை ஊசி, பெரிய இடத்தை நிரப்ப.

புதியவர்கள் மெல்லிய கோடு வேண்டும் என்று மூன்று ஊசி லைனரை எடுப்பார்கள். அது கத்தி மாதிரி தோலைக் கீறும், கை சற்று அசைந்தாலும் காட்டிக்கொடுக்கும். ஐந்து, ஏழு ஊசி லைனரில் தொடங்குங்கள். கூடவே ஒன்பது ஊசியில் ஒரு வளைந்த மேக்னம். இந்த மூன்று அளவில் நல்ல தயாரிப்பாகப் பெட்டி பெட்டியாக வாங்குவது, பதினைந்து அளவில் மலிவானதை வாங்குவதைவிட மேல்.

உறையைப் பிரிக்குமுன் மூன்றைப் பாருங்கள்: காலாவதித் தேதி, தொகுதி எண், கிருமிநீக்கம் ஆனதைக் காட்டும் நிறப் புள்ளி. அடுத்து கார்ட்ரிட்ஜுக்குள் மெல்லிய ரப்பர் சவ்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊசியின் பின்பக்கத்தை விரலால் அழுத்தி விட்டால் அது தானாகப் பின்னால் துள்ள வேண்டும். சவ்வில்லாத கார்ட்ரிட்ஜில் மையும் இரத்தமும் பின்னோக்கி ஏறி மெஷினுக்குள் போய்விடும். மெஷினைக் கொதிக்க வைக்க முடியாது, நீராவி அழுத்தத்தில் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவிலும் வைக்க முடியாது. அடுத்தவர் தோலில் நீங்கள் வேலை செய்யும்போது முந்தையவரின் இரத்தம் அங்கே காத்துக்கொண்டிருக்கும்.

ஆட்டோகிளேவ் பற்றி ஒரு வார்த்தை. எல்லாமே ஒருமுறைப் பொருள் என்றால் அது தேவையில்லை. கழுவித் திரும்பப் பயன்படுத்தும் ஸ்டீல் கிரிப் (கைப்பிடி), ஸ்டீல் டியூப் (ஊசிக் குழாய்) வைத்திருக்கிறவர்களுக்குத்தான் தேவை. 121 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 15 பவுண்டு அழுத்தத்தில் உரிய நேரம் வேக வேண்டும். பார்லர்களில் நீல விளக்கு எரியும் ஒரு பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அது கருவியைக் கிருமிநீக்கம் செய்யாது. ஏற்கெனவே சுத்தமான பொருளை வைத்திருக்க வேண்டுமானால் உதவும். டெட்டால் தண்ணீரில் ஊறப்போடுவதும் அப்படித்தான், மனத் திருப்திக்கு மட்டும்.

மையில் முதல் ஆறு மாதம் கறுப்பு ஒன்றே போதும். நம் தோலில் நிறமி மேலடுக்கில் இருக்கிறது, மை அதற்குக் கீழே உட்காருகிறது. வெளிர் மஞ்சளும் வெள்ளையும் இளஞ்சிவப்பும் மாநிறத் தோலுக்கு அடியில் அழுக்குப் படிந்தது போலத் தெரியும். கறுப்பு மட்டுமே பளிச்சென்று நிற்கும், ஆழ்ந்த சிவப்பு ஓரளவு நிற்கும். பிற நாட்டுக்காரரின் வெளிர்தோலில் பார்த்த படத்தைக் காட்டி அதே போல வேண்டும் என்று வருகிறவர்களுக்கு இதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

டைனமிக், எடர்னல், இன்டென்ஸ் போன்ற பெயர்களில் போலிகள் தாராளமாகப் புழங்குகின்றன. பாதி விலைக்கு வந்தால் அது அந்தக் கம்பெனியின் மை அல்ல. மூடியின் முத்திரை, தொகுதி எண், தேதி மூன்றும் இருக்க வேண்டும். நம்பகமான விநியோகஸ்தரிடம் பில்லோடு வாங்குங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியிலிருந்து டாட்டூ மைகளில் ஆயிரக்கணக்கான ரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அந்த விதிக்கு ஏற்றது என்று போத்தலில் அச்சிட்டிருந்தால் சற்றுக் கூடுதல் விலை கொடுக்கலாம்.

கறுப்பு மையைச் சாம்பல் நிறமாக்கத் தண்ணீர் கலப்பார்கள். இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், கொதித்து ஆறிய தண்ணீர் எதுவும் வேண்டாம். அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரில் 2011-இல் 19 பேருக்குத் தோலில் கொப்புளம் கிளம்பியது. கடை சுத்தமாகத்தான் இருந்தது. முன்கூட்டியே நீர்க்கவைத்து விற்ற சாம்பல் மையில் மைக்கோபாக்டீரியம் சிலோனே என்ற கிருமி இருந்தது. காசநோய்க் கிருமிக்கு உறவுக்காரக் கிருமி அது, சாதாரண மாத்திரைக்கு அடங்காது, மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டும். மருந்துக் கடையில் ஊசி மருந்து கலக்கக் கொடுக்கும் ஸ்டெரைல் வாட்டர் சில ரூபாய்தான். அன்றன்று ஒரு குப்பியை உடைத்து, மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.

எறிவதற்காக வாங்கும் பொருட்கள்

நைட்ரைல் கையுறை, உங்கள் கை அளவுக்கு. லேடெக்ஸ் வேண்டாம், சிலருக்கு ஒவ்வாமை, அதோடு வாசலின் பட்டால் அது இற்றுப்போகும். மெஷினைப் போர்த்தும் பிளாஸ்டிக் உறை, வயருக்கான உறை, நாற்காலியையும் விளக்கின் கைப்பிடியையும் சுற்றும் ஒட்டுப்படலம், மைக் குப்பி, ஒருமுறை ரேசர், டிஷ்யூ ரோல், மேசைவிரிப்பு, 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால், தோலைத் துடைக்கும் கிரீன் சோப், அதைக் கலக்க டிஸ்டில்டு வாட்டர், படத்தைத் தோலில் பதிக்கும் ஸ்டென்சில் காகிதம், ஸ்டென்சில் ஜெல், சிறிய வாசலின் பொட்டலங்கள். பெரிய டப்பா வாசலின் வாங்கி அதில் கையுறை விரலை விடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஒரு டப்பா வாசலினில் ஒரு தெருவின் கிருமி சேரும்.

சர்ஜிக்கல் பொருட்களைச் சில்லறையில் வாங்காதீர்கள். பார்க் டவுனில் நயினியப்ப நாயக்கன் தெருவையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் ஒரு முறை நடந்தால் மொத்த விலை என்ன என்று தெரிந்துவிடும். கையுறையும் டிஷ்யூவும் ஆல்கஹாலும் அங்கே பெட்டிக் கணக்கில் கிடைக்கும்.

இதையெல்லாம் கூட்டிப் பாருங்கள். சிறிய பெயர் ஒன்று எழுதவே இரண்டு கார்ட்ரிட்ஜ், மூன்று ஜோடி கையுறை, உறைகள், குப்பி, காகிதம் எல்லாம் சேர்ந்து முந்நூறு ரூபாயைத் தொட்டுவிடும். வாடகையும் மின்சாரமும் உங்கள் உழைப்பும் இதில் இல்லை. முந்நூறு ரூபாய்க்கு டாட்டூ போடுகிற ஆள் இவற்றில் எதை மிச்சம் பிடிக்கிறார் என்று வாடிக்கையாளரிடமே கேளுங்கள். விளம்பரப் பலகையைவிட அந்தக் கேள்வி வேலை செய்யும்.

இடம்

எம்.சி. ரோடு போன்ற கடைத்தெருவில் கீழ்த்தளம் வேண்டும் என்று அலையாதீர்கள். டாட்டூவுக்கு யாரும் போகிற போக்கில் வருவதில்லை, வந்தாலும் அப்படி வருகிறவர்தான் ஒரு மாதத்தில் வருத்தப்படுவார். முதல் மாடியில் நூறு, நூற்றிருபது சதுர அடி போதும். மாடி என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வியாசர்பாடி, புளியந்தோப்பு, பட்டாளம் எப்படி நின்றன என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கார்ட்ரிட்ஜ் உறையின் ஒரு பக்கம் காகிதம். நனைந்தால் கிருமிநீக்கம் போயிற்று, காய்ந்தாலும் திரும்ப வராது. ஊசிப் பெட்டிகளைத் தரையில் வைக்காமல் மேல் அலமாரியில் மூடி வையுங்கள்.

தரை டைல்ஸ், சுவர் கழுவக்கூடிய பெயின்ட், அறைக்குள்ளேயே கை கழுவத் தொட்டி. குளியலறைக் குழாயில் கை கழுவிவிட்டுக் கதவைத் திறந்து வந்தால் கழுவியது வீண். தொட்டியில் உப்புத் தண்ணீர் வந்தாலும் பரவாயில்லை, சோப்பு நுரைத்தால் சரி. திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரத்தில் இடம் பிடித்தால் கன்டெய்னர் லாரிப் புழுதி நாள் முழுக்க ஜன்னலில் படியும்; ஜன்னலை அடைத்து ஏ.சி. போடாமல் அங்கே வேலை செய்ய முடியாது. ஏ.சி. ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். நம் ஊர் ஈரக்காற்றில் வியர்வை ஊறி ஸ்டென்சில் கால் மணி நேரத்தில் கரைந்துவிடும். ஒட்டிய பிறகு பத்து, பதினைந்து நிமிடம் காயவிட்டுத்தான் ஊசியைத் தொட வேண்டும்.

நாற்காலி பழையதாக இருக்கலாம், ரெக்சின் கிழிந்திருக்கக் கூடாது. கிழிசலுக்குள் போன இரத்தத்தைத் துடைக்க முடியாது. உங்களுக்குச் சக்கரம் வைத்த ஸ்டூல், முதுகைப் பார்த்து வாங்குங்கள். ஸ்டீல் டிராலி ஒன்று. வெள்ளை வெளிச்சம் தரும், கழுத்தை வளைக்கக்கூடிய எல்.இ.டி. விளக்கு ஒன்று, மஞ்சள் வெளிச்சத்தில் தோல் சிவந்திருப்பது தெரியாது. மின்சாரம் போனால் பாதிக் கோட்டில் நிற்காமல் முடிக்க ஒரு சார்ஜர் விளக்கு.

மேசையை விரிக்கும் முறை

ஆள் வந்து உட்கார்ந்த பிறகு எல்லாவற்றையும் அவர் கண் முன்னால் விரியுங்கள். முதலில் கையைச் சோப்பு போட்டுக் கழுவி, முதல் ஜோடிக் கையுறை. டிராலியைக் கிருமிநாசினி தெளித்துத் துடைக்க வேண்டும். தெளித்த உடனே துடைத்தால் பயனில்லை, போத்தலில் எத்தனை நிமிடம் என்று எழுதியிருக்கிறதோ அத்தனை நிமிடம் மேசை ஈரமாக இருக்க வேண்டும். பிறகு விரிப்பு. விரிப்பின் மேல் வாசலினைத் துளி போலத் தடவி, மைக் குப்பியை அதில் ஒட்டி நிறுத்துங்கள், தட்டினாலும் சாயாது. மெஷினுக்கும் வயருக்கும் ஸ்பிரே போத்தலுக்கும் உறை. டிஷ்யூவைத் தேவையான அளவு முன்னாலேயே கிழித்து அடுக்குங்கள். வேலையின் நடுவில் ரோலைத் தொட்டால் அந்த ரோல் முழுவதும் குப்பை.

மையை ஊற்றிய பிறகு மைப் போத்தல் அலமாரிக்குப் போய்விட வேண்டும். மேசையில் மிஞ்சுவதெல்லாம் இன்று எறியப்படும் பொருளாக மட்டும் இருக்கட்டும். தோலைச் சவரம் செய்து, ஆல்கஹால் துடைத்து, அந்தக் கையுறையைக் கழற்றிவிட்டு அடுத்த ஜோடி. ஸ்டென்சில் ஒட்டி, அவரை எழுந்து கண்ணாடியில் பார்க்கச் சொல்லுங்கள். கடைசியில்தான் கார்ட்ரிட்ஜ் உறையை அவர் பார்க்கப் பிரிப்பது. தேதியை அவரையே படிக்கச் சொல்வது நல்ல பழக்கம். வேலை நடக்கும்போது கைபேசி அடித்தால் அடிக்கட்டும். மை படிந்த கையுறையோடு கைபேசியை எடுத்துக் காதில் வைத்துவிட்டு, அதே கையால் தோலைத் தொடுகிறவர்கள் இருக்கிறார்கள். இத்தனை உறையும் விரிப்பும் எதற்கு என்று அவர்கள் ஒரு முறையும் யோசித்ததில்லை.

குப்பை

பயன்படுத்திய கார்ட்ரிட்ஜை மாநகராட்சித் தொட்டியில் போட்டால் அது கொடுங்கையூருக்குப் போகும். அந்தக் குப்பைமேட்டில் வெறுங்கையால் பிளாஸ்டிக் பொறுக்குகிறவர்கள் நம் தெருக்காரர்கள்தான். 2016-ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகள் கூர்மையான பொருட்களுக்குக் குத்தினாலும் துளைபடாத வெள்ளைப் பெட்டியைச் சொல்கின்றன. அதே பெட்டியை வாங்கி டிராலிக்குப் பக்கத்தில் வையுங்கள். முக்கால் நிறைந்ததும் மூடிவிட வேண்டும், அழுத்தித் திணிக்கக் கூடாது. இரத்தம் பட்ட டிஷ்யூ மஞ்சள் பையில், கையுறையும் பிளாஸ்டிக்கும் சிவப்புப் பையில். உங்கள் தெருவில் உள்ள கிளினிக் எந்த நிறுவனத்திடம் கழிவைக் கொடுக்கிறது என்று கேட்டு, அதே வண்டியை உங்களுக்கும் ஏற்பாடு செய்யுங்கள். மாதக் கட்டணம் கடை வாடகையோடு சேர்ந்த செலவு.

காகிதங்கள்

மாநகராட்சியின் தொழில் உரிமம் முதலில். திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் என்று வடக்கே ஆறு மண்டலம் இருக்கிறது. உங்கள் தெரு எதில் வருகிறது என்று பார்த்து விண்ணப்பியுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் வணிகப் பயன்பாடு என்று எழுதியிருக்க வேண்டும், மின் இணைப்பும் வணிகக் கட்டணத்துக்கு மாற வேண்டும். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் கேட்க அது உதவும். சேவைத் தொழில் என்பதால் ஆண்டு வரவு இருபது லட்சத்தைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பற்றிக் கவலை வேண்டாம்.

2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு டாட்டூ கடையில் நாக்கை இரண்டாகப் பிளந்துவிட்டதற்காக இருவர் கைதானார்கள், கடைக்கு மாநகராட்சி சீல் வைத்தது. கத்தி எடுக்கும் வேலையும் மயக்க மருந்தும் மருத்துவருக்கு உரியவை. மரத்துப்போகும் கிரீமைத் தடவச் சொல்லி வருகிறவர்களையும் மருத்துவரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள்.

யாருக்குப் போடுவது, யாருக்கு மறுப்பது

ஒப்புதல் படிவத்தில் ஆதார் பார்த்துப் பிறந்த தேதியைக் குறியுங்கள். பதினெட்டு நிரம்பாதவருக்கு அம்மா அப்பா கூட வந்து கேட்டாலும் மறுத்துவிடுவதே நல்லது. சர்க்கரை, வலிப்பு, இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, கர்ப்பம் எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள். கேட்காமலே பார்க்க வேண்டியதும் ஒன்று உண்டு. இடது தோளில் சிறுவயதில் போட்ட பி.சி.ஜி. தழும்பையும் காது குத்திய இடத்தையும் பாருங்கள். அவை தடித்துக் கட்டி போல வளர்ந்திருந்தால் டாட்டூவும் அப்படி வளரலாம். டாட்டூ போட்ட பிறகு ஒரு வருடம் இரத்ததானம் செய்ய முடியாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

நம் பக்கத்துப் பையன்கள் பலர் துணை ராணுவத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள். மத்திய ஆயுதக் காவல் படைகளில் சல்யூட் அடிக்கும் வலது முன்கையில் பச்சை இருக்கக் கூடாது. இடது முன்கையின் உட்பக்கம் என்றால், அந்த உறுப்பில் கால் பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும். இருபது வயதில் வலது கை முழுக்க வேண்டும் என்று வருகிற தம்பியிடம் என்ன தேர்வு எழுதப் போகிறாய் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த டாட்டூ வேலை உங்கள் கைவிட்டுப் போனாலும் அவன் அம்மா உங்களை வாழ்த்துவார்.

வருகிறவர்களில் பாதிப்பேர் தமிழில் பெயர் எழுதக் கேட்பார்கள். சில வடிவமைப்புச் செயலிகள் தமிழை உடைத்துவிடும். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் உட்காரும், புள்ளி தனியாக மிதக்கும். ஆகவே பெயரை வாடிக்கையாளர் தன் கையால் படிவத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ரகரம் றகரம், னகரம் ணகரம் எதுவானாலும் அவர் எழுதியதே பிரமாணம். இன்னொன்று அளவு. ண, ஞ, இ போன்ற எழுத்துகளின் சுழிக்குள் போதிய வெற்றிடம் இல்லையென்றால், சில வருடத்தில் மை விரிந்து சுழி அடைத்துக்கொள்ளும். விரல் பக்கவாட்டில் நாலெழுத்துப் பெயரை அடைக்கச் சொன்னால் முடியாது என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள்.

காசிமேட்டுக்காரர்கள் நங்கூரம், படகின் பெயர், சிலுவை, வேல் கேட்டு வருவார்கள். புதிய டாட்டூ என்பது திறந்த காயம். கடல்நீரில் விப்ரியோ இனக் கிருமிகள் உண்டு, மீன் அலசும் தண்ணீரில் வேறு கிருமிகள் உண்டு. தோல் மூடும்வரை இரண்டு, மூன்று வாரம் கடலிலும் இறங்கக் கூடாது, ஐஸ் பெட்டியிலும் கைவிடக் கூடாது. நாளை விடிகாலை கடலுக்குப் போகிற அண்ணனிடம் இதைச் சொல்லிப் பயனில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம்; அந்த 61 நாளில் தேதி கொடுங்கள். வலை பின்னும்போது உரசாத இடமாகப் பார்த்துக் குத்தினால் போதும்.

பராமரிப்புக் குறிப்பை வாயால் சொல்லாதீர்கள், தமிழில் அச்சடித்துக் கையில் கொடுங்கள். மிதமான சோப்பு, கொதித்து ஆறிய தண்ணீர், சுத்தமான டிஷ்யூவால் ஒற்றி எடுத்தல், மணமில்லாத களிம்பு மெல்லியதாக, வெயில் படாமை, பொருக்கைப் பிய்க்காமை. மஞ்சள், தேங்காய் எண்ணெய், சாம்பல் என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள். அவை எதுவும் வேண்டாம் என்று தனி வரியாகவே அச்சிடுங்கள். மூன்றாம் நாள் நீங்களே அழைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். லேசான சிவப்பும் அரிப்பும் இயல்பு. சிவப்பு கோட்டைத் தாண்டிப் பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ நீங்கள் மாத்திரை பெயர் சொல்ல வேண்டாம். ஸ்டான்லி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கு அன்றைக்கே அனுப்புங்கள். பயன்படுத்திய மையின் பெயரும் தொகுதி எண்ணும் எழுதிய சீட்டை அவர் கையில் கொடுத்து அனுப்புங்கள்.